எல்லாத்துக்கும் ஒண்ணு

ஆமா மேடம், அந்த நாலு பக்கக் கடிதம் எழுதினது நான்தான். எங்கம்மாவுக்கு அநியாயம் நடந்திருக்குன்னு முதல் வரியிலயே போட்டிருந்தேன் இல்லையா, அதை இப்ப வாயாலயும் சொல்றேன். கர்ப்பப்பை வாயில கேன்சர்னு உங்க ஆஸ்பத்திரிய நம்பி வந்த பொம்பளை. அவங்களுக்கு எந்த முறையில கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கிறதுன்னு ஒரு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் பார்த்து, பழைய முறைன்னு தள்ளிவிட்டுடுச்சு. குடல் வெந்துபோச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்கு ஒரு லெட்டர் வருது. ரெண்டு முறைக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் எதுவும் தெரியல, ஆய்வுல கலந்துக்கிட்டதுக்கு நன்றி. நன்றியாம். கீழ பெரிய டாக்டர் கையெழுத்து, அதுகூட அச்சடிச்சது.

உக்காருங்க. அதுல வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அம்மா பாத்ரூம்ல இருக்காங்க. எப்ப வருவாங்கன்னு கேக்காதீங்க, அது அவங்க கையில இல்ல. நீங்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, அந்த ரெண்டாவது வருஷ ஃபார்மை நிரப்பாம உங்கள அனுப்ப மாட்டேன். ஆனா அதுவரைக்கும் நான் பேசுறத நீங்க கேட்டுத்தான் ஆகணும். வீட்ல என்னை வக்கீலம்மான்னுதான் கூப்பிடுவாங்க. படிக்கிறது புள்ளியியல், வாய் மட்டும் கோர்ட்ல நிக்குதுன்னு அம்மா சொல்லுவாங்க.

இல்ல, உங்க மேல கோபம் இல்ல. நீங்க ஃபார்ம் வாங்க வர்றவங்க, கரண்ட் வச்சவங்க இல்ல. அப்புறம் கோபப்படறதுக்கும் ஒரு தெம்பு வேணும் இல்லையா. கடிதம் எழுதின அன்னைக்கு இருந்துச்சு. இப்ப காலையில எழுந்து பெட்ஷீட் ஊற வச்சு, காலேஜ் போய், வந்து அதைத் துவைச்சுக் காயப்போடறதுக்குள்ள அதுவும் தேஞ்சுபோகுது.

சீட்டுக் குலுக்கினதே தப்புன்னு சொல்றேனா? அப்படிச் சொல்லல. கடிதத்துல அப்படித் தொனிச்சுதா? தொனிச்சிருக்கும். சூட்டுல எழுதினது. உண்மையைச் சொன்னா ஆய்வுல சேரும்மான்னு அம்மாவைப் பிடிச்சுத் தள்ளினதே நான்தான். அன்னைக்கு பெஞ்சுல ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க, அம்மாவும் ஒரு டீச்சரும். டாக்டர் ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டுக் காட்டினார். பழைய முறைன்னா முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கவாட்டுன்னு நாலு திசையில இருந்து நேரா பாயும். பெட்டி மாதிரி. அந்தப் பெட்டிக்குள்ள கட்டி இருந்தாலும் சரி, குடல் இருந்தாலும் சரி, எல்லாத்துக்கும் அடிதான். புது முறையில கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, கட்டி இருக்கிற இடத்துல முழுசா, குடல் பக்கம் குறைச்சு, வளைச்சு வளைச்சு விடும். கட்டியைக் கரைக்கிறதுல ரெண்டும் ஒண்ணுதான்மா, சுத்தி இருக்கிறதைக் காப்பாத்துறதுல எது எவ்வளவு தேவலைன்னு நம்ம ஆளுங்ககிட்ட பார்க்கத்தான் இந்த ஆய்வுன்னார்.

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா. எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா அதையே வைங்க டாக்டர், தெரியலைன்னா எதையாவது வைங்கன்னாங்க. அவர் சிரிச்சுட்டார். நான் சிரிக்கல. ஒரு ஆய்வுன்னா என்ன, குலுக்கல் ஏன் வேணும், அவங்கவங்களுக்கு வேண்டப்பட்டவங்களைப் பார்த்து நல்லதை ஒதுக்கிக் கொடுத்தா கணக்கு எப்படிக் கெட்டுப்போகும்னு அந்த பெஞ்சுலயே அம்மாவுக்கும் டீச்சருக்கும் சேர்த்து வகுப்பெடுத்தேன். டீச்சருக்குப் புதுசு விழுந்துச்சு. அம்மாவுக்குப் பழசு. டீச்சர் அம்மாவோட கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஏதோ இவங்க பங்கை அவங்க எடுத்துக்கிட்ட மாதிரி. அம்மாதான் சமாதானப்படுத்தினாங்க. விடுங்க டீச்சர், எனக்குப் பழசுதான் எப்பவும் ராசின்னு.

அஞ்சு வாரம். வாரத்துக்கு அஞ்சு நாள். வயித்துல மையில கோடு போட்டு, அது அழியக்கூடாதுன்னு அந்தப் பக்கம் தண்ணி படாம குளிச்சாங்க. தினமும் அரை லிட்டர் தண்ணி குடிச்சுட்டு மூத்திரத்தை அடக்கிக்கிட்டு உக்காரணும், பை நிறைஞ்சிருந்தாத்தான் குடல் கொஞ்சம் மேல ஒதுங்குமாம். அதுல எங்கம்மாதான் முதல் மார்க். மத்தவங்க நெளிவாங்க, அவசரம்னு ஓடிடுவாங்க, மறுபடி தண்ணி குடிச்சு மறுபடி முதல்ல இருந்து. அம்மா சிலை மாதிரி உக்காந்திருப்பாங்க. மெஷின்ல இருந்த அண்ணன் எல்லாரும் உங்கம்மா மாதிரி இருந்துட்டா என் வேலை பாதி மிச்சம்னு சொன்னார். அவருக்கு எங்க தெரியும். அம்மா இருபத்தாறு வருஷம் துணி தைக்கிற கம்பெனியில கட்டிங் செக்ஷன். ஷிஃப்டுக்கு ரெண்டு டோக்கன். டோக்கன்னா பாத்ரூம் போறதுக்கு. பித்தளையில, நம்பர் அடிச்சு, மேஜை ஓரத்துல ஆணியில மாட்டியிருக்கும். போகும்போது எடுத்துட்டுப் போகணும், வந்து மாட்டணும். ரெண்டு தீர்ந்தா தீர்ந்ததுதான். மூணாவது வேணும்னா லைன் சூப்பர்வைசர்கிட்ட காரணம் சொல்லணும், எல்லார் முன்னாடியும். எங்கம்மா ஒரு நாளும் மூணாவது கேட்டதில்ல. அந்த மாதிரி ஆளுக்கு அரை லிட்டர் தண்ணி ஒரு விஷயமா.

மேடம் மேடம்னு சொல்லி வாய் வலிக்குது, அக்கான்னு கூப்பிடட்டுமா? சரிக்கா.

கடைசியில உடம்புக்குள்ள குழாய் வச்சுக் கரண்ட் கொடுக்கிறது மூணு தடவை நடந்துச்சு, அது ரெண்டு குரூப்புக்கும் ஒரே மாதிரி, அதுல சண்டை இல்ல. கட்டி போயிடுச்சு. அதுவும் உண்மை. அம்மா இன்னைக்கு இருக்காங்கன்னா உங்க ஆஸ்பத்திரியாலதான், அதை நான் மறுக்கல. சித்தி இதைத்தான் சொல்லிக் காட்டுவாங்க. உசிரைக் காப்பாத்தினவங்களுக்கா பெட்டிஷன் போடுற, நன்றி கெட்ட ஜென்மமேன்னு. ஏன்க்கா, உசிர் இருந்தா போதுமா. உசிர் இருக்கிறவங்க பஸ்ஸுல ஏற வேண்டாமா, ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு வாய் சாப்பிட வேண்டாமா.

நாலு மாசம் கழிச்சு அம்மா வேலைக்குத் திரும்பிப் போனாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. அதாவது நல்லா இருக்காங்கன்னு நாங்க நினைச்சோம். காலையில சாப்பிடாம போவாங்க. கேட்டா பசியில்லம்பாங்க. கட்டைப்பையில இன்னொரு செட் துணி வச்சுக்கிட்டுப் போவாங்க. கேட்டா வேர்வைம்பாங்க. ஒரு வருஷம் ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டாங்க, வேலையை விட்டுட்டேன், முட்டி வலி, நிக்க முடியலன்னு. நான் உடனே தைலம் வாங்கிட்டு வந்தேன், முட்டிக்கு மாட்டுற உறை வாங்கிட்டு வந்தேன். தினமும் சாயங்காலம் கீழ உக்காந்து அந்த ரெண்டு முட்டியையும் தேய்ச்சுவிடுவேன். அம்மா காலை நீட்டிக்கிட்டு, அங்கதான், ஆங், இன்னும் கொஞ்சம் மேலன்னு சொல்லுவாங்க. மூணு மாசம் தேய்ச்சேன்க்கா.

அப்புறம் கூட வேலை பார்த்த ஒருத்தங்க பார்க்க வந்தாங்க. அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். இல்ல, தப்பாச் சொல்றேன், பாத்ரூம்ல இருந்தாங்க. கடைக்கெல்லாம் அப்பவே போறதில்ல. அவங்க என்கிட்ட மெதுவா கேட்டாங்க, இப்ப அந்தத் தொந்தரவு பரவாயில்லையான்னு. முட்டியான்னேன். முட்டியா, அதுக்கு என்னன்னு அவங்க முழிச்சாங்க. வேலையை விட்ட அன்னைக்கு அம்மா மூணாவது டோக்கன் கேட்டிருக்காங்க. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. சூப்பர்வைசர் காரணம் கேட்டிருக்கா. அம்மாவால சொல்ல முடியல. அந்த நேரத்துல, நின்ன இடத்துலயே... சரி விடுங்க. கத்திரியை மேஜை மேல வச்சுட்டு, பக்கத்துல இருந்த வெட்டுத் துணி ஒண்ணை இடுப்புல சுத்திக்கிட்டு, யாரையும் பார்க்காம நடந்து வந்துட்டாங்களாம். முட்டியில ஒரு நோவும் கிடையாது. நான் ஆசையா தேய்ச்சுவிடுறேன்னு காட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.

அழலக்கா. கண்ணு எரியுது, தூக்கமில்ல, அவ்வளவுதான். தண்ணி குடிக்கிறீங்களா?

அதுக்கப்புறம் இழுத்துக்கிட்டு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்ப இருந்தது வேற டாக்டர், சின்ன வயசு. நான் சொன்னேன், அவசரம் வந்தா அரை நிமிஷம் தாங்காது, ரத்தம் போகுது, ராத்திரி பகல் கிடையாதுன்னு. அவர் ஃபைலைப் புரட்டினார். எட்டு ஃபார்ம் இருக்கு அதுல. கரண்ட் வச்ச அஞ்சு வாரத்துக்கு அஞ்சு, அப்புறம் மூணாம் மாசம், ஆறாம் மாசம், ஒரு வருஷம். எதுலயும் ஒரு தொந்தரவும் இல்லையேம்மா, கரண்ட்டால குடல் பாதிச்சிருந்தா இதுக்குள்ள எங்கயாவது லேசாவாவது காட்டியிருக்குமே, இது வேற ஏதோ கிருமி மாதிரி இருக்குன்னு மாத்திரை எழுதினார். ஒரு மாத்திரை முடிஞ்சா இன்னொண்ணு. நாலு மாசம். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அதுக்கு முன்னுரிமை வேணும்னா பழைய பதிவுல ஏதாவது இருக்கணும், உங்கம்மா பேப்பர் அவ்வளவு சுத்தமா இருக்கேன்னார். சுத்தமாம்.

ஆமா, அவர்கிட்டயும் கத்தினேன். பேப்பரைப் பார்க்காதீங்க, பேஷண்ட்டைப் பாருங்கன்னு. வெளிய வரிசையில நின்னவங்கல்லாம் எட்டிப் பார்த்தாங்க. அம்மா என் புடவை... என் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே, வாடி வக்கீலம்மா, போலாம், அவருக்கு வேலை இருக்குன்னாங்க.

இப்ப அந்த டீச்சரைப் பாருங்க. போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல பார்த்தேன். நல்லா இருக்காங்க. ஸ்கூலுக்குப் போறாங்க, நின்னு பாடம் நடத்துறாங்க, நடுவுல ஓடுறதில்ல. சும்மா பேச்சு வாக்குல, நீங்க ஃபார்ம்ல என்ன போட்டீங்கன்னு கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. நான் டீச்சராச்சே, எதையும் விட மாட்டேன், ஒரு நாள் வயிறு கடமுடன்னு சொன்னாக்கூட ரெண்டு போட்டேன், ஒரு நாள் ரெண்டு தடவை போனேன்னு மூணு போட்டேன்னாங்க. இப்பப் புரியுதாக்கா உங்க லெட்டர். ஒண்ணுன்னா இல்லவே இல்ல, நாலுன்னா ரொம்ப அதிகம். புது முறையில தேறி வந்தவங்க ரெண்டும் மூணும் போட்டிருக்காங்க. பழைய முறையில வெந்துபோனவங்க எல்லாத்துக்கும் ஒண்ணு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் எங்க தெரியும். தலைகீழாத்தான் தெரியும். அம்மா ஒருத்தரால எல்லாக் கணக்கும் கவுந்துடாதுதான், அது எனக்கும் தெரியும், அது என் பாடம். ஆனா அந்த லைன்ல எத்தனை அம்மா உக்காந்திருந்தாங்க. அடுத்து வர்றவங்களுக்குப் பழையதே போதும்னு உங்க லெட்டர் சொல்லுது.

நீங்க சரியாத்தான் கேக்குறீங்க. ஃபார்ம்ல தப்புன்னா அது எங்க தப்பாம்மான்னு. கடிதத்துல நான் உங்க தப்புன்னுதான் எழுதினேன். நடைபாதையில உக்கார வச்சு, ஆம்பளைங்க நடமாடுற இடத்துல, மலம் எத்தனை தடவை போச்சு, புருஷன்கூட இருக்க முடியுதான்னு இருபத்துநாலு கேள்வி கொடுத்தா எந்தப் பொம்பளை நிஜத்தைச் சொல்லுவா. தனி ரூம் இல்ல, கேக்க ஒரு பொம்பளை இல்ல. ஒரு அட்டை, ஒரு பேனா, நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்கும். அதுல இன்னைக்கும் நான் மாற மாட்டேன். அது உங்க தப்புதான். எழுதிக்கோங்க.

எல்லா ஃபார்மையும் கொண்டு வந்துட்டீங்களா. பரவாயில்ல, வைங்க. பார்க்கிறேன்.

ம்.

திருத்தலாமா? நிஜமாவா. அதை முதல்லயே சொல்லக்கூடாதா, நான் பாட்டுக்கு அரை மணி நேரம் கத்திக்கிட்டு இருக்கேன். அடிச்சுப் பூசக்கூடாது, சரி. பழசு தெரியுற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்துல புதுசு. அதை அம்மா வாயால சொல்லணும். தேதி, கையெழுத்து, என்ன காரணத்தால திருத்துறோம்னு ஒரு வரி. அது போனா குடல் டாக்டர் பார்வைக்குப் போகுமா? கேமரா டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்குமா? கிடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா மேல போகும். சரிக்கா. அது போதும். இத்தனை மாசத்துல ஒருத்தராவது மேல போகும்னு சொன்னாங்களே.

காரணம் கூச்சம்னு எழுதுங்க. நோயாளி கூச்சத்தால சொல்லலன்னு. ஏன், அது போதாதா?

கீழ என்ன கட்டம்? படிவத்தை நிரப்பியவர். நோயாளியேன்னு டிக் போட்டிருக்கு. எட்டுலயும்.

அது... இருங்க.

முதல் வாரம் கேட்டேன்க்கா. சத்தியமா கேட்டேன். முதல் கேள்வியைப் படிச்சேன், கொஞ்சம் சத்தமா. அம்மா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு, மெதுவாப் படிடி, ஒண்ணுமில்லன்னு போடு, எல்லாத்துக்கும் ஒண்ணுமில்லன்னு போடுன்னாங்க. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துட்டு மெஷின் ரூமுக்குள்ள போயிட்டாங்க. நான் போட்டேன். அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை. மடியில நோட்ஸ், அதுக்கு மேல ஃபார்ம். அம்மா உள்ள இருக்கிற அந்தப் பத்து நிமிஷத்துல வரிசையா ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு வட்டம் போட்டுக்கிட்டுப் போனேன். காலியா விடக்கூடாது பாருங்க, காலியா விட்டா கணக்குல ஓட்டை விழும், அது எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுக்கிறது. மூணாம் மாசம் தபால்ல வந்ததை காலேஜ் கேன்டீன்ல வச்சு முடிச்சேன். ஆறாம் மாசம், ஒரு வருஷம், அப்படியே. அந்த அஞ்சு வாரமும் மெஷின் ரூமை விட்டு வெளிய வந்ததும் எல்லாம் எழுதிட்டியான்னு கேப்பாங்க. எழுதிட்டேம்மான்னா, தங்கம்னு தலையைத் தடவுவாங்க.

அந்த வேர்வைத் துணி வச்ச பையை நானும் தூக்கியிருக்கேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ மாட்டாங்களோ, அது வேற வழக்கு. எனக்குக் கேக்கவே பிடிக்கல. கேட்டா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு இருந்துச்சு.

தாழ்ப்பாள் சத்தம் கேக்குது. சீக்கிரம் எழுதுங்க. அம்மா வந்தா, நான்தான் அப்படிப் போடச் சொன்னேன், அவளைச் சொல்லாதீங்கன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குவாங்க, நீங்களும் கூச்சம்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. புது பதிலெல்லாம் அவங்ககிட்டயே வாங்கிக்கோங்க. நான் வெளிய நிக்கிறேன், ஒவ்வொரு கேள்வியா கேளுங்க, அவசரப்படாதீங்க, ஒண்ணுமில்லன்னு சொன்னா இன்னொரு தடவை கேளுங்க.

காரணம்தானே. எழுதிக்கோங்க. நோயாளிகிட்ட யாரும் கேக்கல.

இல்ல, யாரும்னு வேண்டாம். அதை ஒரு கோடு போட்டுட்டு, மகள் கேக்கலன்னு எழுதுங்க.